மில்லிக்கன் வீட்டில் தொங்கிய சிவப்பு அட்டை

கதவைத் திறந்த இராஜரட்ணம், அருள்நாயகியின் தோளுக்கு மேலால் தெருவில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

"அருள் வாறார் எண்டு மெசேஜ் வந்தது. அவர் வண்டிக்குள்ளயோ?"

"நான்தான் அருள், அங்கிள்."

"ஆம்பிளை ஒருத்தரும் வரேல்லையோ?"

எரிவாயுவில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பூட்டித் திருத்தும் வேலைக்கு வந்த பதினோரு வருடங்களில் இந்தக் கேள்வி எத்தனையோ வாசல்களில் அவள் காதில் விழுந்திருக்கிறது. முதல் இரண்டு வருடங்கள் சிரித்துப் பதில் சொன்னாள். இப்போது சப்பாத்துக்கு உறை மாட்டிக்கொண்டு, "ஃபர்னஸ் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்பாள்.

மன்னாரிலிருந்து பதினாறு வயதில் தாயோடு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தவள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடித் தொகுதியில் பதினேழாம் மாடியில் குடியிருந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்கப் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தாள். முப்பத்தோராம் வயதில் எரிவாயு ரெக்னீசியன் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெண் அவள் ஒருத்திதான். சோதனையில் முதல் முறையே தேறினாள். ஆனால் லைசென்ஸ் முழுமையாகக் கிடைக்க, லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் நின்று குறித்தளவு மணித்தியாலங்கள் வேலை செய்திருக்க வேண்டும். எட்டு நிறுவனங்கள் "கூப்பிடுகிறோம்" என்றன. ஒன்றும் கூப்பிடவில்லை. அவள் கணவர் சூசைதாசன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், "விடு அருள், வேற ஏதும் படிப்பம்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் விடவில்லை. ஒன்பதாவது நிறுவனம் சேர்த்துக்கொண்டது. லைசென்ஸ் அட்டையில் தன் பெயரும் இலக்கமும் அச்சாகி வந்த நாளிலிருந்து, அந்தப் பெயரை எந்த வேலையின் கீழே எழுதுகிறோம் என்பதில் அவள் மிகவும் பிடிவாதக்காரி.

நகரின் மில்லிக்கன் பகுதியில் இராஜரட்ணத்தின் வீட்டுக்கு அவள் வந்த ஜனவரிக் காலையில் வெளியே மைனஸ் பதினாலு. நிறுவனத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் கௌஷிக், "புது ஃபர்னஸ், அடிக்கடி ஆஃப் ஆகுதாம். ரீசெட் பண்ணிட்டு வந்துடுங்க, அரை மணி நேர வேலை" என்று அனுப்பியிருந்தான்.

இராஜரட்ணம் முன்னால் நடந்து, வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்றுக்குப் படியிறங்கினார். "புத்தம் புதுசு பிள்ளை. ரெண்டு கிழமைதான் ஆகுது. பத்து நிமிசம் ஓடும், நிண்டிடும். உதில எங்கயோ ஒரு பட்டன் இருக்காம், அமத்திவிட்டால் சரி."

"ஆர் பூட்டினது?"

"எங்கட தெரிஞ்ச ஆள் ஒராள். நல்ல கை வேலைக்காரன்."

"லைசென்ஸ் இருக்கோ அவருக்கு?"

"அதெல்லாம் ஆர் கேக்கிறது? வந்தவர், ஒரு நாளிலை பூட்டிப்போட்டுப் போட்டார்."

அருள்நாயகி ரோர்ச் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பழைய வகை ஃபர்னஸின் புகை சூடாக இருக்கும். தானாகவே செங்கல் புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். இந்தப் புது வகை, வெப்பத்தையெல்லாம் பிழிந்தெடுத்துவிட்டு ஆறிப்போன ஈரப் புகையைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும். அந்த ஈரம் தண்ணீராகித் திரும்பி வடிய, குழாய் ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இங்கே குழாய் நடுவில் தொட்டில்போலத் தொய்ந்து கிடந்தது. அதுவும் குளியலறைக் கழிவுநீருக்குப் போடும் வெள்ளைக் குழாய். ஒரு மூட்டில் பசையே இல்லை. கையால் திருகினாள், கழன்று வந்தது.

"ஃபர்னஸ் நிக்கிறது பிழையில்லை அங்கிள். குழாய்க்குள்ள தண்ணி தேங்கிப் புகைபோற வழியை அடைக்குது. ஆபத்தெண்டு அது தானாவே நிக்குது."

"அப்ப நிக்காமல் செய்துவிடுங்கோ."

அவள் வெளியே போய்ப் பனிக்குள் இறங்கி நடந்தாள். புகை வெளியேறும் வாய் பேஸ்மென்ற் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அந்த ஈரம் உறைந்து தடித்திருந்தது.

திரும்பி வந்தபோதுதான் எரிவாயுவில் எரியும் வோட்டர் ஹீற்றரைக் கவனித்தாள். முந்தி ஃபர்னஸும் அதுவும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தின. இப்போது ஃபர்னஸ் விலகிவிட்டது. அந்தப் பெரிய, குளிர்ந்த செங்கல் புகைபோக்கியைச் சூடாக்க இந்தச் சின்ன ஹீற்றரின் புகையால் முடியாது. மேலே ஏறாத புகை அறைக்குள்ளேயே திரும்பும். பூட்டியவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"மேல சாமியறையில ஊதுபத்தி இருக்கோ அங்கிள்? ஒண்டு கொளுத்திக்கொண்டு வாங்கோ."

அவர் முணுமுணுத்தபடி போனார். அதற்குள் அவள் ஜன்னல்களைச் சாத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும் குசினி விசிறியையும் உடுப்புக் காயவைக்கும் மெசினையும் போட்டுவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஹீற்றர் எரியத் தொடங்கியது. பத்து நிமிடம் பொறுத்து ஊதுபத்தியை அதன் தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னாள். மேலே இழுபட வேண்டிய புகை வளைந்து வந்து இராஜரட்ணத்தின் முகத்தில் அடித்தது.

"காத்து அடிக்குது," என்றார் அவர்.

"இதுக்குள்ள எங்கால காத்து?" அவள் கையிலிருந்த வாயு அளக்கும் மீற்றரை அவருக்குக் காட்டினாள். மணமில்லாத நச்சு வாயுவான காபன் மொனொக்சைட் நாற்பதைத் தாண்டி, அறுபதைத் தொட்டு, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஹீற்றரை உடனே அணைத்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. கம்பளிச் சால்வையைப் போர்த்தியபடி ஓர் இளம்பெண் நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஜெசிகா. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவள்.

"தங்கச்சி, உங்களுக்குத் தலையிடி ஏதும் வாறதோ?"

"ஓம் அக்கா, ரெண்டு கிழமையா. குளிச்சிட்டு வந்தா தலை சுத்தும். I thought it's just work, you know."

"காபன் அலாரம் அடிக்கேல்லையோ?"

ஜெசிகா இராஜரட்ணத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். "கீ கீ எண்டு ஒரே சத்தம். பற்றறியைக் கழட்டி வைச்சனான்."

அருள்நாயகி விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களை அகலத் திறந்து, ஜெசிகாவை மேலே அனுப்பி, இன்றே டொக்டரிடம் போய் இரத்தம் சோதிக்கும்படி சொன்னாள். பிறகு இரண்டு இயந்திரங்களுக்கும் போகும் எரிவாயுவை மூடி, ஆபத்து, இயக்கக்கூடாது என்று அறிவிக்கும் சிவப்பு அட்டையை எழுதி, ஃபர்னஸில் தொங்கவிட்டாள்.

"என்ன செய்யிறீர்? இந்தக் குளிருக்குள்ள வீட்டை விறைக்க விடப்போறீரோ?"

"இப்பிடியே எரிய விட்டிட்டு நான் போகேலாது அங்கிள். சட்டமும் விடாது."

"உம்மட சட்டம்! ஒரு பட்டனை அமத்தத் தெரியாமல் கதை அளக்கிறீர். நான் உம்மட முதலாளியோட கதைக்கிறன்."

கதைத்தார். ஐந்து நிமிடத்தில் கௌஷிக் அவளை அழைத்தான்.

"அருள், கஸ்டமர் ரொம்பக் கத்துறாரு. ஃபர்னஸை மட்டுமாவது ஓட விட முடியாதா? வெளியில மைனஸ் பதினாலு. அவர் ஒரு ஸ்டார் போட்டார்னா நமக்குத்தானே..."

"கௌஷிக், இப்ப வாங்கோ. வந்து உங்கட பேரை எழுதிக் கையெழுத்து வையுங்கோ. நான் வால்வைத் திறந்து விடுறன்."

"சரி, அதை விடுங்க. ரிப்போர்ட் எழுதிடுங்க," என்று வைத்துவிட்டான்.

அவள் வண்டியிலிருந்த இரண்டு மின்சார ஹீற்றர்களை இறக்கி மேல்வீட்டில் வைத்தாள். புதுக் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைப் பேஸ்மென்றில் பூட்டினாள். எரிவாயு விநியோகிக்கும் நிறுவனத்துக்கும் அறிவித்தாள். ஜெசிகாவிடம் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள். அரை மணி நேர வேலைக்கு மூன்று மணித்தியாலம் போயிருந்தது. அடுத்த இரண்டு வீட்டுக்காரரும் பிந்தியதற்காக ஏசினார்கள்.

மறுநாள் மதியம் ஜெசிகாவிடமிருந்து அழைப்பு. "அக்கா, heat திரும்ப வருது. முதல் பூட்டின ஆள் வந்து என்னவோ செய்தவர். அட்டையைக் காணேல்லை. இப்ப நீங்க பூட்டின அலாரம் அடிக்குது."

அருள்நாயகி ஒரு பிளாசா வாசலில் வண்டியை நிறுத்தினாள். "உடனே வெளியால வாங்கோ. அங்கிளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேரும் காருக்குள்ள இருங்கோ. தீயணைப்புக்குப் போன் அடியுங்கோ, நான் காஸ்காரருக்கு அடிக்கிறன்." அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். நேற்று ஊதுபத்திப் புகை அந்த மனிதரின் சொந்த முகத்திலேயே அடித்தது. மீற்றரில் ஏறிய இலக்கத்தைச் சொந்தக் கண்ணால் பார்த்தார். இன்னும் என்னத்தைக் காட்டுவது?

அன்று மாலை எரிவாயு நிறுவனத்தார் வீட்டின் எரிவாயு மீற்றருக்கே பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். இராஜரட்ணம் அவளைத் தொலைபேசியில் அழைத்து, "தமிழாள் எண்டு நம்பி வீட்டுக்குள்ள விட்டதுக்கு எங்களைக் காட்டிக்குடுத்திட்டீர்," என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே வைத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் சூசைதாசன் "என்ன?" என்று கேட்டபோது, "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றோடு எழும்பினாள்.

ஃபர்னஸ் பூட்டிய அந்தத் தெரிந்த ஆள் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. மற்றவன் பூட்டியதைத் திருத்த வேறு நிறுவனங்களும் முன்வரவில்லை. நான்காம் நாள் கௌஷிக் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அந்த மில்லிக்கன் வீடு... நீங்களே போறீங்களா?"

போனாள். முழு நாள் வேலை. வெள்ளைக் குழாயையெல்லாம் வெட்டி எறிந்து, புகைக்கென்று அங்கீகரித்த குழாயைச் சரிவு பார்த்துப் பூட்டினாள். தொய்யாமல் இடைக்கிடை தாங்கி வைத்தாள். வெளிவாயை ஜன்னலைவிட்டுத் தூரத்துக்கு மாற்றினாள். வோட்டர் ஹீற்றருக்கு அளவான உலோகக் குழாய் ஒன்றைப் புகைபோக்கிக்குள் இறக்கினாள். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவி எரிவாயு கசிகிறதா என்று பார்த்தாள். கடைசியில் விசிறிகளைப் போட்டு, கதவுகளைச் சாத்தி, மறுபடி ஊதுபத்தி. புகை நேராக மேலே போனது. மீற்றரில் பூச்சியம்.

இராஜரட்ணம் குனிந்து பார்த்தார். காற்றுவாயில் கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது. அப்ப முதல் நாளே உதைச் செய்திருக்கலாமே பிள்ளை?"

அருள்நாயகி வேலை முடித்த படிவத்தை அவரிடம் நீட்டினாள். "இதில கையெழுத்து வையுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது ஜெசிகா ஒரு பெட்டியை நண்பியின் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். "மாசக் கடைசியில வீட்டை விட்டு எழும்பச் சொல்லிட்டார் அக்கா. காஸ்காரரைக் கூப்பிட்டது நாங்களாம். றிச்மண்ட் ஹில்லில மாமி வீட்ட போறன்."

"சட்டப்படி அவர் அப்பிடி உங்களை எழுப்பேலாது தங்கச்சி. சண்டை பிடிக்கலாம்."

"தெரியும். எனக்குக் களைச்சுப் போச்சு," என்றாள் ஜெசிகா. "தலையிடி நிண்டிட்டுது, அது போதும்."

அருள்நாயகி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். கார் திரும்பிப் போகும்வரை பனியில் நின்றாள். செய்ததில் எதுவும் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். அது அவளைச் சற்றும் ஆற்றவில்லை. வண்டியில் ஏறிக் கதவை வேண்டிய அளவுக்கு மேல் ஓங்கிச் சாத்தினாள். அடுத்த வேலைக்கான விலாசம் திரையில் வந்திருந்தது.