பழைய நுனி

சேவூரில் குமரேசன் பட்டுத்தறி நெய்கிறார். அவர் மனைவி ஸ்வர்ணலதா அதே அறையில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். அட்மின் உரிமையோடு அதன் கோப்புகளைத் தன் எடிட்டரிலேயே திறந்து திருத்துவாள். தப்பாக எழுதினாலும் ஏனென்று கேட்க அங்கே நாதி கிடையாது.

தறியில் நீளவாக்கு இழைகளான பாவைப் புதிதாக ஏற்றும்போதெல்லாம் புருஷனிடம் கத்துவாள்: "புதுசப் பிணைக்காம பழச உருவிடாதீங்க!" பழைய பாவின் நுனியில் புது இழைகளை முடிந்து இழுத்தால் போதும்; உருவிவிட்டால் ஒவ்வொரு இழையையும் தறியில் முதலிலிருந்து கோக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, சர்வருக்குள் நுழைவதற்கான விதிகள் உள்ள கோப்பைத் திருத்தி அமலாக்கினாள். புது வழி திறக்கிறதா என்று பார்க்காமலே, திறந்திருந்த பழைய இணைப்பை மூடினாள். அவ்வளவுதான். மறுபடி உள்ளே போக முயன்றால், 'அனுமதி இல்லை'. யாருக்கு? அட்மினுக்கு! யாராவது சர்வர் முன்னால் உட்கார்ந்து சரிசெய்யலாமென்றால், சென்னை அலுவலகம் பூட்டிக் கிடந்தது; சாவி வைத்திருப்பவர் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். அதே பதில். மேனேஜர் கூப்பிட்டார், எடுக்கத் துணிவில்லை.

"இன்னா லதா, பேஜாரா கீற?" என்று கேட்டபடி குமரேசன் புதுப் பாவைத் தறியில் ஏற்றினார். "வந்து பிணைச்சிக் குடு. பயப்படாத, பழைய நுனிய நான் இன்னும் உருவல."