தம்புள்ளை மரக்கறி மச்சான்

என் போனில் அவளுடைய பெயர் ‘தம்புள்ளை மரக்கறி மச்சான்’. பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து நான்தான் அப்படிப் பதிந்து வைத்தேன். அவள் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் இலிகிதர். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாயை ஒரு ஹோட்டலுக்குத் திருப்பிய கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியவள்.

“அண்ணே, என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“செத்தாலும் வராது” என்றேன். வாய்க்கென்ன, எதையும் சொல்லும்.

என் பத்திரிகையில் செய்தி வந்த மூன்றாம் நாள் பொலிஸில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவர் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: தனியாகப் போகாதே, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் போனைக் கொடுக்காதே. சட்டத்தரணியோடு போனால் தப்புச் செய்தவன் என்று நினைப்பார்களே என்று உக்குவளையில் தனியாக பஸ் ஏறினேன். மடையன்!

அதிகாரி கத்தவே இல்லை. பிளேன்டீ வரவழைத்தார். சிங்களத்தில் வாய் நிறைய “மல்லி” என்றார். தம்பி என்று ஒருவர் அழைத்த பிறகு முகத்தை முறிப்பது எப்படி? போனைக் கேட்டதும் நானே திறந்து கொடுத்தேன். கடிதப் படத்தை அழித்துவிட்டோமே என்ற தைரியம் வேறு. பக்கத்திலிருந்த தமிழ் தெரிந்தவர் நான் பேசிய கோல் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“மரக்கறி யாவாரமும் செய்றீங்களா? செய்தி வந்த அன்னிக்கு மட்டும் இந்த மச்சானுக்கு ஒம்பது கோல்?”

சிரித்துக்கொண்டே அந்த இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எடுக்காதே, எடுக்காதே தாயே என்று உள்ளுக்குள் கதறினேன். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

“அண்ணே, விசாரணைக்குப் போனீங்களா? நான் அனுப்பின கடிதத்தப் பத்தி ஒன்னும் கேக்கலயே?”

அதிகாரி எனக்கு இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

போனை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; இப்போது அது அடித்தால் உடனே எடுப்பதில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். யாரிடம் போய்ச் சொல்வது? போன வாரம் அவளே பேசினாள். வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்களாம்.

“ஒங்க போனைப் பறிச்சிட்டாங்களாண்ணே?”

“ஆமா, பறிச்சிட்டாங்க.”

“அடிச்சாங்களா?”

நான் பேசாமல் இருந்தேன்.

“ஐயோ, எனக்காக எவ்வளவு பட்டிருக்கீங்க” என்று அவள் அழத் தொடங்கினாள்.