இன்சுலின் எதற்கு என்று கேட்ட காலை

இரண்டு வருடங்களுக்கு முன், திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் என் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடக்கவிருந்த காலை அது. அப்பா போனக்காடு தேயிலைத் தோட்டத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும். வைக்கிற மாத்திரையை அங்கேயே விழுங்க வேண்டும். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அன்றும் நர்ஸ் வந்ததும் அப்பா பேசாமல் கையை நீட்டினார்.

தொங்கிய குளுக்கோஸ் பையின் சீட்டைப் படித்தேன். பொட்டாசியம், இன்சுலின் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ஆனால் எதிர்க்கட்டில்காரருக்கு உண்டு. அவருக்கும் அப்பாவின் பெயர்தான். அவருக்கான பை அப்பாவுக்கு மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சிஸ்டர், நிறுத்துங்க. மருந்து மாறிப்போச்சு."

"மாறியிட்டில்ல. டாக்டர் எழுதினதாணு" என்று மலையாளத்தில் மறுத்தார் நர்ஸ்.

கூட வந்திருந்த சித்தப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நாலு எழுத்து படிச்சுட்டா டாக்டருக்கே பாடம் எடுப்பியாடா? கோவிச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணமாட்டேன்னுட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் பைக்கும் அப்பாவின் கைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். "எதுக்குன்னு சொல்லுங்க. அப்புறம் ஏத்துங்க."

நர்ஸ் கூப்பிட, டாக்டரம்மா வந்தார். அப்பாவின் கைப்பட்டையில் இருந்த எண்ணையும் பையில் இருந்த எண்ணையும் என் கண்முன்னே ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே.

"மோனே, ஆபரேஷன்ல இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெப்போம். மறுபடி துடிக்க அதுக்குத் தெம்பு வேணும். குளுக்கோஸ்தான் அதுக்கு ஆகாரம்; அதை உள்ள கடத்தி விடறது இன்சுலின். சுகர் இறங்காம அளந்துட்டே இருப்போம். மனசிலாயோ?"

மனசிலாயி, நன்றாகவே புரிந்தது. நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவசரப்பட்டுக் குற்றம் சொன்னதற்கு. கேள்வி கேட்டதற்கு அல்ல.

அப்பாவின் இதயம் மறுபடி துடித்தது. சில நாள் கழித்து வார்டுக்குத் திரும்பியதும், நர்ஸ் மாத்திரையோடு வந்தார். பழக்கத்தில் அப்பாவின் கை நீண்டது. பிறகு பாதியில் மடங்கிக்கொண்டது.

"இது எதுக்கு மோளே?"

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மகன்தான்னு பார்த்தா, இப்ப அப்பனுமா!" நர்ஸ் சிரித்தபடி ஒவ்வொரு மாத்திரையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அன்று நான் நினைத்தது தப்புதான்; ஆனாலும் அப்படி ஒரு கட்டிலருகே மறுபடி நிற்க நேர்ந்தால், யார் முகம் சுளித்தாலும், மறுபடியும் கேட்பேன்.