கார் பார்க்கிங்கில் ஒரு படகு மோட்டார்

பட்டினப்பாக்கத்தில் அந்த மோட்டாரை விற்றவர் பொய் சொல்லவில்லை. "சூப்பரா கீதும்மா. ஸ்டார்ட் மட்டுந்தான் ஆவாது" என்றார். படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன மோட்டார். கடலுக்குப் போய்ப் போய் உப்பேறி, இழுக்கும் கயிறு பாதியிலேயே சிக்கி நின்றது. இருந்தும் வாங்கிவிட்டேன். ஆட்டோவில் என் காலடியில் கிடந்து அது கோட்டூர்புரம் வந்து இறங்கியபோது, என் கணவர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எங்கள் வீடு அடையாற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி. கடைசியாக வந்த வெள்ளத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்து, முதல் மாடியில் இரண்டு நாள் காத்திருந்தோம். வந்த படகில் மோட்டார் இல்லை. நாலு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டி இழுத்தார்கள். அதில் ஏறும்போது நான் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டேன். யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். மணிக்கட்டு முறிந்ததோடு தப்பித்தேன். அன்றிலிருந்து என் கணவர் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார். வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகளோடு போய் இருக்கலாம், அங்கே நமக்கென்று ஒரு அறை தயாராக இருக்கிறது.

எனக்கு மந்தைவெளியில் ஜாக்கெட் தைக்கும் கடை. அளவு கொடுக்காமலே துணியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் போய் யாருக்குத் தைப்பேன்? மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கவா? வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கி, கார் பார்க்கிங்கில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மோட்டார் வாங்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

"மோட்டாரை நான் பாத்துக்கறேன். மழைக்கு முன்னாடி அது ஓடிச்சுன்னா இங்கயே இருப்போம். ஓடலைன்னா நீங்க கூப்பிடற இடத்துக்கு வரேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இவர் உடனே "சரி" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் கடைக்கு எதிரே ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். படகு மோட்டார் அவருக்கும் புதிது. "இன்னாக்கா, கப்பல் உடப் போறியா?" என்று சிரித்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். சிக்கியிருந்த பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரச்சுத்தியால் பதமாகத் தட்டித் தட்டிக் கழற்றினார். தையல் மெஷினைப் பிரித்து மாட்டிப் பழகியவள் நான். கழற்றிய திருகாணிகளைத் துணியில் வரிசையாக வைத்தேன், கார்புரேட்டரைக் கழுவினேன். தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கும் ரப்பர் சக்கரம் தொட்டவுடன் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிது வாங்கிப் போட்டோம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி மோட்டாரை மாட்டினோம். பாய் கயிற்றை ஏழு தடவை இழுத்தார். ஏழாவது தடவை பிடித்துக்கொண்டது. பார்க்கிங் முழுக்கப் புகை. நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். பாய் அதே வேகத்தில் அணைத்துவிட்டார். இன்ஜின் ஓடும்போது பின்னால் உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அதுதான் உள்ளே குளிர்கிறது என்பதற்கு அடையாளம் என்று அவர் மொபைலில் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டு வரவில்லை.

மறுபடி பிரித்தோம். ரப்பர் சக்கரத்தை இன்னொரு தடவை மாற்றினோம். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "உள்ளாற வழி அடைச்சிக்கினு கீதுக்கா. ஓட்டினா வெந்துடும். காயலாங்கடைக்குத்தான்."

டிவியில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரிடம் போய், "மோட்டார் ஓடாதாம். மகளுக்கு போன் பண்ணுங்க" என்றேன். நாளைக்குப் பண்ணலாம் என்றார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

மறுநாள் காலை, காயலாங்கடைக்குப் போனாலும் அழுக்காகப் போக வேண்டாம் என்று மோட்டாரைத் துடைக்க உட்கார்ந்தேன். கோணி ஊசியால் இடுக்குகளைச் சுரண்டிக்கொண்டே வந்து, அந்தத் துளையிலும் விட்டேன். ஏதோ கட்டியாக உடைந்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரமாக உள்ளேயே தேடினோமே தவிர, வெளியிலிருந்து ஒரு ஊசி விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. உப்பு என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசம்.

ஆயுத பூஜைக்குத் தையல் மெஷின், ஸ்கூட்டர், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தேன். மோட்டாருக்கு மட்டும் வைக்கவில்லை, முதலில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர். இவரோ கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பாரே தவிர உள்ளே வராதவர். எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல் நடந்தது.

ஊசியோடு மாடிக்கு ஓடினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

பார்த்தார். "சந்தனம்."

"யார் வச்சது?"

"எல்லாத்துக்கும் வச்சே. அதை மட்டும் விட்டுட்ட. பாவமா இருந்தது. அப்புறம் நீ பாத்தா சிரிப்பேன்னு துடைச்சுட்டேன்."

துடைத்த துடைப்பில் அவ்வளவும் துளைக்குள் போயிருக்கிறது. பொட்டு வைத்துப் பழக்கமிருந்தால் இப்படித் துளை மேலேயே வைப்பாரா?

"பெங்களூர் போகணும்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"நீ தண்ணிக்குள்ள போனதைப் பாத்தவன் வேற என்னத்தச் சொல்லுவான்?" என்றார். பேப்பரை மடித்து வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, திட்டவும் வந்தது. மூன்று வாரமாக நானும் பாயும் பட்ட பாட்டைச் சொல்லித் திட்டித் தீர்த்தேன்.

பாயை போன் போட்டு வரவழைத்தேன். இந்தத் தடவை இவரும் கீழே வந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. துளையிலிருந்து மெல்லிசாக, நேராகத் தண்ணீர் பீய்ச்சி இவர் வேட்டியை நனைத்தது. இவர் நகரவில்லை.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே இவர் போனை வாங்கிக்கொண்டார்.

"அந்த ரூமைப் பசங்களுக்கே குடுத்துடும்மா. அம்மா வரமாட்டா" என்றார். பிறகு, "நானும்தான்" என்றார்.