நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தவர்கள்

அந்த அலுவலகத்தில் யாரையும் 'காணாமல் போனவர்' என்று சொல்லக் கூடாது. 'வரவேண்டியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். செயலாளர் போட்ட சட்டம் அது. பல் மருத்துவமனைக்கு மேலே மூன்று அறைகள். கீழே பல் குடைகிற சத்தம் நாள் முழுக்க மேலே ஏறி வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு வரவேண்டியவர்களுக்கும், அவர்களைத் தேடுவதற்கென்றே இருந்த அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் பதிவக்கா. வீட்டில் வைத்த பேர் வேறு. வருகிறவர்கள் எல்லோரும் 'பதிவு போடுற அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தேய்ந்து இப்படி ஆகிவிட்டது.

ஒன்பது வருஷ வேலை. சம்பளத்துக்காக வந்தாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நாற்பத்தோராம் பக்கத்துக்காக வந்தாள். அது அவள் தம்பியின் பக்கம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில், போன் சார்ஜரை யார் எடுத்தது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. சார்ஜருக்குப் போய் ஒரு சண்டை! "நீ இருந்தும் ஒண்ணுதான், இல்லாமப் போனாலும் ஒண்ணுதான்" என்று அவள் சொல்லிவிட்டாள். இருபத்துநாலு வயசுப் பையன், செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். அப்பா இரண்டு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கண்ணை மூடினார். அம்மா அவன் போட்டோவை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அவன் பேச்சையே எடுத்ததில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். மூன்றாவதாக ஒருவன் எந்நேரமும் கூடவே நடமாடிக்கொண்டிருந்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வாயைத் திறந்தால்தானே!

இணையதளம் ஓடிக்கொண்டிருந்தது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில். யாரும் இலவசமாக எடுத்து, உள்ளே திறந்து பார்த்து, தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்கிற வகை. அதைக் கட்டி மேய்த்தவன் சுருட்டை என்கிற சுருட்டைமுடிக்காரன். வெள்ளிக்கிழமை மட்டும் வருவான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று புட்டுக்கொள்ளும். "அக்கா, இலவசம்னா சும்மாவா? என் முடியைப் பாருங்க, பாதி போச்சு" என்பான். குடும்பத்தாருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, 'இப்பக்கத்தைப் பார்த்தவர்கள்: இத்தனை பேர்' என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் எண் ஓடவிட்டிருந்தான். அதோடு, எந்தக் கணினியிலிருந்து எந்த நிமிஷம் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற முழுப் பதிவேடும் அலுவலகக் கணினியிலேயே இருந்தது.

அந்தப் பதிவேட்டைத்தான் பதிவக்கா காதும் காதும் வைத்தாற்போல மூன்று வருஷமாகப் பார்த்துவந்தாள். வியாழன்தோறும், பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் ஆனதும், யாரோ நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார்கள். நாலு நிமிஷம். சில நாள் ஐந்து. பிறகு மூடிவிடுவார்கள். முதல்முறை கவனித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் போன கிழமை, அவன் போன நேரம். வேறு யாராக இருக்க முடியும்? மறுவாரத்திலிருந்து வியாழன் பதினொரு மணிக்கெல்லாம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் ஒரு வியாழன்கூட அவள் லீவு போடவில்லை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள், கிறுக்கச்சி.

போன மாதம் தளம் நாலு நாள் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஞாபகமறதியில் வீட்டை விட்டு வந்துவிட்ட பெரியவர் ஒருவர் பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். கண்டெடுத்தவர்கள் சங்கத்தின் தளத்தைத் திறந்து திறந்து பார்த்துக் கைவிட்டார்கள். அவர் வீடு வந்து சேர இரண்டு நாள் கூடுதலாக ஆனது. அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்து கத்தவில்லை. "நீங்க இருக்கீங்கன்னு நம்பியிருந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கத்தியிருந்தாலாவது தேவலை.

செயலாளர் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார். வருஷக் கட்டணம் கட்டினால் மென்பொருளும் அவர்களுடையது, பராமரிப்பும் அவர்களுடையது. புதுப் பக்கம் போட்டதும் அந்த வட்டாரத்தில் இருக்கிற போன்களுக்கெல்லாம் போட்டோவோடு செய்தி போகும். பழைய பக்கங்களையும் ஏற்றிச் செய்தி அனுப்பித் தருவார்கள். பார்த்தவர்களின் பதிவேட்டை மட்டும் தரமாட்டார்கள், மாதக் கடைசியில் மொத்தக் கூட்டல்தான். உள்ளே திறந்து பார்க்கவும் வழியில்லை.

"பதிவக்கா, ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை எழுதுங்க" என்றார் செயலாளர். "வெள்ளிக்கிழமை கமிட்டி. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான். எங்களுக்கு இதுல தலையும் புரியாது, வாலும் புரியாது."

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஓப்பன் சோர்ஸில் எல்லாம் நம் கையில் இருக்கும், நாளைக்குக் கம்பெனி கடையை மூடினாலும் நமக்குக் கவலையில்லை என்று எழுதினாள். அதெல்லாம் நியாயம்தான். ஆனால் ஒன்பதாவது வரியில், 'கம்பெனியின் மென்பொருளுக்குப் பழைய பக்கங்களைக் கொண்டுபோக முடியாது' என்று எழுதினாள். பச்சைப் பொய். பதிவேடு போனால் அவளுடைய வியாழக்கிழமையும் போய்விடுமே! கம்பெனியின் கடிதம் மேஜையில் அவள் முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது.

ஒரு பொய்யை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஜாதி இல்லை அவள். வியாழன் காலை எழுந்ததும் சுருட்டைக்குப் போன் போட்டு, பதிவேட்டில் வியாழன்தோறும் பதிவாகியிருந்த கணினியின் முகவரியைக் கொடுத்து எந்த இடம் என்று கேட்டாள். ஏன் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை என்றால், பயம். கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால்?

"நம்ம ஊர்தான் அக்கா. நகர நூலகம்" என்றான் அவன்.

 இதே ஊரில், இரண்டு தெரு தள்ளி! பத்தரைக்கே நூலகத்துக்குப் போய்ப் புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பார்த்ததும் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். சார்ஜரை நான்தான் எடுத்தேன்டா என்று ஆரம்பிக்கலாமா?

பதினொன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. காய்கறிப் பையோடு அம்மா வந்தாள்.

வியாழக்கிழமை காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்புகிற அம்மா. வாடிய பீன்ஸை வாங்கிவந்து பேச்சு வாங்குகிற அம்மா. நூலகக்காரப் பெண் பழக்கப்பட்டவள் போல நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பியின் போட்டோவைப் பார்த்தாள். பிறகு, "நம்பர் எவ்வளவும்மா இன்னைக்கு?" என்று கேட்டாள்.

அடுக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள் மகள்.

இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்தார்கள். சமையலறையில் பையை வைத்துவிட்டு அம்மாதான் ஆரம்பித்தாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"கோவிச்சுக்காதடி. உன்கிட்ட சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல. அவன் பாக்கறான்டி. நான் வாரம் ஒரு தடவைதான் போறேன், ஆனா வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டுன்னு நம்பர் ஏறுது. வேற யாரு வந்து பாப்பா அவனை?"

 காலையில் அலுவலகம் போனதும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை, தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து தம்பியின் முகத்தைப் பார்ப்பவள் பதிவக்காதான். ஆறு வேலை நாளுக்குப் பன்னிரண்டு. மூன்று வருஷமாக அம்மாவை அவன் என்று நினைத்து மகள் காத்திருந்தாள். மகளை அவன் என்று நினைத்து அம்மா காத்திருந்தாள். மகள் சொல்லிவிட்டாள்.

"அது நான்தான்மா."

அம்மா பீன்ஸை எடுத்து முறத்தில் கொட்டினாள். ஒன்றிரண்டை நாரெடுத்தாள். கை நின்றது.

"அப்ப அவன்? ஒரு தடவைகூடவா பாக்கல?"

அதற்கும் பதில் பதிவேட்டில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே அதைத் திறந்து பார்க்கக்கூடிய சுருட்டைக்குப் போன் போனது. அலுவலகத்தையும் நூலகத்தையும் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். கால்மணி நேரம் இரண்டு பேரும் பீன்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது.

"அக்கா... தேடுபொறிங்க தானா அனுப்பித் திறந்து பாக்கற ரோபோதான் மிச்சம், அது நம்பர்ல சேராது. அப்புறம் தெரியாம கை பட்டுத் திறந்த மாதிரி சிலபேர், ரெண்டு செகண்டு, மூணு செகண்டு. நின்னு பார்த்தவங்க யாரும் இல்லக்கா."

பூசி மெழுக அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே சொன்னாள். அம்மா அழுவாள், விழுவாள், இதோடு போய்ச்சேர்ந்துவிடுவாள் என்று பயந்து, தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அம்மா பீன்ஸ் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நாம தேடறோம்னே அவனுக்குத் தெரியாது" என்றாள். "பதினோரு வருஷமா நாம அவனைத் தலைமுழுகிட்டோம்னு நினைச்சுட்டு எங்கயோ உக்காந்திருக்கான், பாவி. ஏன்டி, அவங்கவங்க போனுக்கே போய்ச் சேர்ற மாதிரி எதுவும் கிடையாதா உங்க ஆபீஸ்ல?"

 மகளின் நெஞ்சில் ஒன்பதாவது வரி வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அறிக்கையை வாசிக்கச் சொன்னார். எட்டு வரி வாசித்தாள். நிறுத்தினாள்.

"அடுத்த வரி பொய்ங்க. தெரிஞ்சே எழுதினேன். எல்லாப் பக்கத்தையும் கொண்டுபோகலாம். கம்பெனியோடதையே எடுங்க."

கீழே பல் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"என் தம்பி வாராவாரம் வந்து பாக்கறான்னு நினைச்சுட்டு இருந்தேங்க" என்றாள் அவள். "அவன் வரலைங்க. நாமதான் அவன் போனுக்குச் சேதி அனுப்பணும்."