அக்கா கண்விழிக்கும் முன் ஒரு சவாரி

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவள் அவள். மூலையோடு மூலை சேர்த்து, நீவி, அடுக்கி நிமிர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வீட்டில் அவளும் அக்காவும்தான். அம்மா போனபின் அவளை ஆளாக்கியவள் அக்கா. அந்த அக்காவின் கண்ணுக்குப் பின்னால் கட்டி என்றார்கள். உள்ளூர் மருத்துவர்கள் கைவிரித்துவிட, இருவரும் முதன்முதலாக விமானம் ஏறி, பாஷை தெரியாத ஒரு நகரத்துக்கு வந்தார்கள்.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகையில் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கண்ணையும் கட்டிடுவாங்களாம். முழிக்கறப்ப நீ பக்கத்துல இருக்கணும்டி."

"நான் எங்கக்கா போகப்போறேன்?"

ஐந்து மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் ஐந்து விரலைக் காட்டினாள். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், கால் மரத்துப்போய்க் கீழே இறங்கினாள்.

வாசலில் மூன்று சக்கர டாக்சி ஒன்று நின்றிருந்தது. கதவு கிடையாது, மேலே மஞ்சள் கித்தான் மட்டும். தொந்திக்கார ஓட்டுநர் காற்றில் ஒரு வட்டம் போட்டு, கடிகாரத்தில் அரைமணியைத் தொட்டுக் காட்டினார். அரைமணிதானே என்று ஏறிவிட்டாள்.

வண்டி இரண்டு பஸ்களுக்கு நடுவே நுழைந்தபோது உயிர் தொண்டைக்கு வந்தது. மறு நிமிடமே சிரிப்பும் வந்தது. ஓட்டுநர் ஹாரனிலேயே மெட்டுப் போட்டார். சிக்னலில் பஸ் ஜன்னலிலிருந்து யாரோ கையாட்ட, இவளும் ஆட்டினாள். பூக்கடை, மீன்கடை, கண்ணாடிக் கட்டிடம் எல்லாம் முகத்துக்கு முன்னால் பறந்தன. வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

மருத்துவமனை வாசல் வந்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். இறங்கியிருக்கலாம். அவளோ ஒரு விரலைத் தூக்கினாள்: இன்னொரு சுற்று.

அந்தச் சுற்றில்தான் பாலத்தில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் பின்னாலும் லாரிகள். முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. இறங்கி ஓடலாமென்றால் வழி தெரியாது.

மூச்சிரைக்க மாடிக்கு வந்தபோது ஆபரேஷன் முன்னதாகவே முடிந்திருந்தது. கண்கள் கட்டப்பட்டுக் கிடந்த அக்காவின் கையைப் பிடித்தபடி இளம் நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் அக்காவின் கையை இவள் கைக்கு மாற்றிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் அக்கா சொன்னாள்: "முழிச்சதும் ஒரே இருட்டு. செத்துட்டேன்னே நெனச்சேன். நீ கையைப் புடிச்சதும்தான் உயிர் வந்துச்சு."

"ம்" என்றாள் அவள். அந்த ஒற்றை எழுத்து இரண்டு நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கண்ணை மூடினால் தன் சிரிப்புச் சத்தமே காதில் கேட்டது.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். "உன் மூஞ்சி தெரியுதுடி!" என்று அக்கா சிரித்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்குக் கையைப் புடிச்சது நான் இல்ல. ஊர் சுத்தப் போயிருந்தேன். ஒரு சுத்து போதாதுன்னு ரெண்டாவதும் போனேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொண்டு வந்த சாப்பாட்டைத் தொடவில்லை. மாலையில்தான் வாய் திறந்தாள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமா? ஒருத்தருக்கும் புரியல." எழுந்து உட்கார்ந்து, "யாரு அந்தப் பொண்ணு? காட்டு" என்றாள்.

அக்காவைத் தாங்கி நடத்தி, மருந்து அலமாரியருகே நின்ற நர்ஸைக் காட்டினாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்ஸ் கூச்சத்தோடு சிரித்தாள்.

அவள் நாலடி தள்ளி, அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.