மேலே ஒரு ஆளுக்கு இடம்

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போதே பால்ராஜ் திரும்பி வருவதற்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அதை அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்பதுதான் மகள் ஜூடித்தின் எண்ணம்.

மனைவி எலிசபெத் இறந்தபின் அவர் ஜோகுபாளையம் வீட்டில் தனியாக இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து தண்ணீர் லாரி ஓட்டினார். பாறைத்தூள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது.

பெர்த்தில் இன்ஜினியராக இருக்கும் ஜூடித் லீவு போட்டாள். கூடாரம், காஸ் அடுப்பு, தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, அவரை நாட்டின் உட்பகுதிச் செம்மண் காட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் தங்கச் சுரங்க ஊர்கள் உண்டு. பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினாள்.

ஒட்டிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. சுரங்கத்துக் கழிவுமண் மேட்டைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நம்ம சயனைடு மேடேதாம்மா. இன்னா, அங்க மேட்டு மேல பசங்க கிரிக்கெட் ஆடுவானுங்க. இங்க ஒரு நாய்கூட காணோம்."

ஈத்தொல்லைக்குத் தொப்பிமேல் வலையை மாட்டிக்கொண்டார். "கல்யாணப் பொண்ணு மாதிரி கீறேனா?"

"மீசை வச்ச பொண்ணு, நைனா."

காஸ் அடுப்பில் அவரே ரசம் வைத்தார். இரண்டாம் முறை சோறு கேட்டார். ஜூடித்துக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு சாயங்காலம் கூடாரம் அடித்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லறை தெரிந்தது. சுற்றிலும் துருப்பிடித்த கம்பிவேலி, பெயர் அழிந்துபோயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறொன்றும் இல்லை. பால்ராஜ் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினார். சாய்ந்த கம்பியை நிமிர்த்தினார்.

"கல்லறைத் திருநாளுக்கு இவனுக்கு யாரு வருவாங்க?"

பேச வேண்டியதை இப்போதே பேசிவிடலாம் என்று ஜூடித் நினைத்தாள். "இங்கயே இருந்துடு நைனா. டாக்டர் கீறாரு, உனக்குன்னு ரூம் கீது. அங்க உனக்கு யாரு கீறாங்க?"

"உங்கம்மா கீறா."

அவர் இன்னொரு முள்ளைப் பிடுங்கிப் போட்டார்.

"குழி தோண்டும்போது நான்தான் நின்னு பார்த்தேன். பாதியிலயே போதும்னானுங்க. எங்கிட்டயே ஆழம் பேசுறியாடா, இன்னும் கீழ போன்னேன். மேல எனக்கு இடம் வேணும்ல?" சிரித்தார். இருமல் வந்தது. "உயிரோட கீறப்ப ஒரு நாளாச்சும் அவ பேச்சுக்கு மேல எம்பேச்சு நின்னிச்சா? கடைசியிலயாச்சும் நான் மேல."

ஜூடித்தும் சிரித்தாள். அடக்க முடியாமல் அழுதாள். அவர் மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார். டிக்கெட்டைப் பற்றி அதன்பின் இருவரும் பேசவில்லை.

சொன்ன தேதியில் ஊர் திரும்பினார். கல்லறைத் திருநாளுக்கு எலிசபெத்தின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி போட்டோ அனுப்பினார். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் மூச்சு நின்றது. ஜூடித் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

குழியைத் திறந்தார்கள். தோண்டியவர் ஓரிடத்தில் கடப்பாறையை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். மேலே ஏறி வந்து, "இதுக்குக் கீழ அம்மா," என்றார். பால்ராஜை அங்கே இறக்கினார்கள். ஜூடித் ஒரு பிடி மண் போட்டாள்.

மூடி முடித்தபின் தோண்டியவர் அவளிடம் வந்தார்.

"இதோட முடிஞ்சுது மேடம். இந்தக் குழிய இனிமே தொறக்க முடியாது. பேர்க்கல்லு அடிக்கும்போது ரெண்டு பேருக்குக் கீழ இன்னொரு பேருக்கு இடம் விடச் சொல்லாதீங்க."

"சரிங்க," என்றாள் ஜூடித்.